விளையாட்டு அமைச்சகத்துக்கு மனு போடுவதற்கு முன்னால்

பிள்ளை மாநில அளவில் மெடல் வாங்கியிருக்கிறது, ஆனால் தேசிய அணித் தேர்வில் பெயர் வரவில்லை என்றால் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பேசாம டெல்லிக்கே, விளையாட்டு மந்திரிக்கே ஒரு மனு போட்டுடுவோம்." போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்த மனு டெல்லி போய், ஒரு பிரிவு அலுவலர் மேசையில் கொஞ்ச நாள் கிடந்து, "தக்க நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு, நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அந்தச் சங்கத்துக்கே போய்ச் சேரத்தான் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் நம் மத்திய விளையாட்டு அமைச்சகம் எந்த அணியையும் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் கையில் இருப்பவை முக்கியமாக இரண்டுதான்: பணம், அங்கீகாரம். மைதானம் மாநில அரசிடம், தேர்வு அந்தந்த விளையாட்டுக்கான தேசியச் சங்கமாகிய சம்மேளனத்திடம், பயிற்சி பெரும்பாலும் சாய் என்கிற விளையாட்டு ஆணையத்திடம், ஒலிம்பிக்குக்கு அணியை அனுப்பிவைப்பது இந்திய ஒலிம்பிக் சங்கத்திடம். எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவு என்று தெரியாமல் அலைகிறவர்களுக்காகத்தான் இது. குறிப்பாக வீட்டில் முதல்முறையாக ஒரு பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிற குடும்பங்களுக்கு.

முதலில், அங்கே யார் இருக்கிறார்கள்

முழுப் பெயர் இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகம். 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோதுதான் விளையாட்டுக்கு என்று மத்தியில் தனியாக ஒரு துறையே வந்தது. 1985 சர்வதேச இளைஞர் ஆண்டு என்பதால் 'இளைஞர் நலன்' அதோடு ஒட்டிக்கொண்டது. தனி அமைச்சகம் ஆனது 2000-ல்தான். அப்புறம் 2008-ல் உள்ளுக்குள்ளேயே இரண்டு துறைகளாகப் பிரித்தார்கள்: இளைஞர் நலத் துறை ஒன்று, விளையாட்டுத் துறை ஒன்று. இரண்டுக்கும் செயலாளர் தனித்தனி.

இந்தப் பிரிவினை உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், கடிதத்தின் மேல் வெறுமனே அமைச்சகத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. நாட்டு நலப்பணித் திட்டம், நேரு யுவ கேந்திரா, மை பாரத், ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற ராஜீவ் காந்தி இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் எல்லாம் இளைஞர் நலத் துறையின் கீழ். ஓட்டப்பந்தயம், கபடி, பளு தூக்குதல் என்று வந்தால் "செயலாளர், விளையாட்டுத் துறை, சாஸ்திரி பவன், புது டெல்லி" என்று தெளிவாக எழுதுங்கள்.

அமைச்சர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்தான். 2024 ஜூனில் மன்சுக் மாண்டவியா பொறுப்பேற்றார், கூடவே தொழிலாளர் நலத்துறையும் அவரிடம்தான் கொடுக்கப்பட்டது. இணை அமைச்சராக ரக்‌ஷா கட்சே வந்தார். அதற்கு முன் அனுராக் தாக்குர், அவரிடம் தகவல் ஒலிபரப்பும் இருந்தது. அதற்கு முன் கிரண் ரிஜிஜு. அதற்கும் முன் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கியவர், அதாவது தானே களத்தில் நின்றவர். நம் பக்கத்திலிருந்து போனவர் என்றால் மயிலாடுதுறை எம்.பி.யாக இருந்த மணிசங்கர் அய்யர், 2006 முதல் 2008 வரை. பெரிய பெரிய போட்டிகளை நடத்துவதற்குக் கோடிகளைக் கொட்டுவதை அமைச்சராக இருந்துகொண்டே எதிர்த்தவர் அவர். டெல்லியில் அது பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

பட்டியலைப் பார்த்தாலே புரியும், இந்த நாற்காலியில் யாரும் ரொம்ப காலம் உட்காருவதில்லை. பலருக்கு இது கையில் இருக்கிற இரண்டு துறைகளில் ஒன்று. அதனால் மனுவை ஆளுக்கு எழுதாதீர்கள், பதவிக்கு எழுதுங்கள். அமைச்சரோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று சொல்கிற இடைத்தரகர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள், அவர்கள் பக்கம் போகவே வேண்டாம். கோப்பு நகர்வது செயலாளர், இணைச் செயலாளர்கள், அவர்களுக்குக் கீழே இருக்கிற பிரிவு அலுவலர்கள் கையில்தான்.

டெல்லிக்கு முன் உங்கள் மாவட்டம்

அரசியலமைப்புச் சட்டத்தில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் வருகிறது, 33-வது பதிவு. சினிமாவும் நாடகமும் கேளிக்கையும் கூட அதே வரியில்தான் இருக்கின்றன! அதனால் ஊரில் மைதானம் இல்லை, டிராக் பெயர்ந்துவிட்டது, நீச்சல் குளத்தில் தண்ணீர் மாற்றவில்லை, மாவட்ட விளையாட்டரங்கில் கோச் இல்லை, விளையாட்டு விடுதியில் சாப்பாடு சரியில்லை என்றால் அதெல்லாம் டெல்லிக்குப் போக வேண்டிய விஷயமே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு மத்திய அமைச்சகத்துக்கு எழுதுவது ரேஷன் கடையில் போய் பாஸ்போர்ட் கேட்கிற மாதிரி.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் பார்ப்பது 1992-ல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், எல்லோரும் எஸ்.டி.ஏ.டி. என்றுதான் சொல்வார்கள். தலைமையகம் சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். உங்களுக்கு வேண்டியவர் மாவட்டத்திலேயே இருக்கிறார்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர். பெரும்பாலும் மாவட்ட விளையாட்டரங்கத்திலேயே அலுவலகம் இருக்கும். டெல்லியைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒருமுறை அவரை நேரில் போய்ப் பாருங்கள். விளையாட்டு விடுதிச் சேர்க்கைத் தேர்வு எப்போது, முதலமைச்சர் கோப்பைக்கு எப்படிப் பதிவு செய்வது, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகப் பணம் இல்லையென்றால் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். 2023-ல் தொடங்கிய அந்த அறக்கட்டளை உதவி கேட்டு விண்ணப்பிக்கிற வீரர்களுக்காகவே இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே வட்டிக்குக் கடன் வாங்கி விமான டிக்கெட் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சம்மேளனம்: அணி உருவாகிற இடம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சங்கிலி இருக்கிறது. மாவட்டச் சங்கம், அதற்கு மேல் மாநிலச் சங்கம், அதற்கு மேல் தேசிய சம்மேளனம், அதற்கும் மேல் சர்வதேச சம்மேளனம். இவை எதுவும் அரசு அலுவலகம் அல்ல, பதிவு செய்யப்பட்ட சங்கங்கள், தேர்தல் நடத்தித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்ந்தெடுத்துக்கொள்கிறவை. இந்தியாவுக்காக ஆடப்போவது யார் என்று முடிவு செய்வது தேசிய சம்மேளனத்தின் தேர்வுக் குழு. அமைச்சகம் அதற்கு அங்கீகாரம் தருகிறது, வருடாந்திரப் பயிற்சிக்கும் போட்டிகளுக்குமான அட்டவணையைப் பார்த்துப் பணம் ஒதுக்குகிறது, தேர்தல் ஒழுங்காக நடந்ததா, பதவிக்காலம் மீறப்பட்டதா என்று பார்க்கிறது. அவ்வளவுதான்.

"ஏன் அவ்வளவுதான், அரசாங்கம் நினைத்தால் முடியாதா?" என்று கேட்பீர்கள். நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தலில் வெளியார் தலையீடு என்று சொல்லி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. 2014 பிப்ரவரியில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் நடந்தார்கள், அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் தடை நீங்கியது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் குழு கால்பந்து சம்மேளனத்தை நடத்திக்கொண்டிருந்ததை மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா தடை போட்டது, அந்த மாதமே எடுத்தது. ஆக அமைச்சகம் ரொம்ப அழுத்தினால் சர்வதேச அமைப்பு வெளியே தள்ளிவிடும், அழுத்தாமல் விட்டால் சங்கத்தில் ஒரே குடும்பம் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அமைச்சகத்தின் மொத்த வண்டியும் ஓடுகிறது.

அந்த நடுப்பாதைக்கு முதலில் எழுதிய விதிதான் 2011-ன் தேசிய விளையாட்டு மேம்பாட்டு நெறிமுறை. 70 வயதுக்கு மேல் பதவி கிடையாது, தலைவர் அதிகபட்சம் 12 வருஷம் என்பதெல்லாம் அதில் வந்தவை. அது சட்டம் அல்ல, அரசு உத்தரவு மட்டுமே என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஹைகோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இதுவரை அமைச்சகம் கொடுத்துவந்த அங்கீகாரத்தை இனித் தர ஒரு தேசிய விளையாட்டு வாரியம், சச்சரவுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், தேர்தலை மேற்பார்வை செய்ய ஒரு குழு என்று மூன்று அமைப்புகளை இந்தச் சட்டம் சொல்கிறது. சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் குறைந்தது 4 பெண்கள், சிறந்த வீரர்கள் குறைந்தது 2 பேர். தீர்ப்பாயத்தின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குத்தான். வயது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள்: சர்வதேச விதி இடம் கொடுத்தால் 70-லிருந்து 75 வயது வரை இருப்பவர்களும் போட்டியிடலாம். பழைய ஆட்களுக்கு வைத்த ஜன்னல் அது, வேறென்ன.

கிரிக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரிக்கெட் வாரியம் அரசிடம் மானியம் வாங்குவதில்லை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம்தான் அது, இத்தனை கோடிகள் புரண்டாலும். பிள்ளை கிரிக்கெட் ஆடுகிறது என்றால் அமைச்சகத்துக்குப் போகிற வழியை நீங்கள் கிட்டத்தட்ட மறந்துவிடலாம். மாவட்டக் கிரிக்கெட் சங்கம், அதன் லீக் போட்டிகள், மாநிலச் சங்கம், அதுதான் பாதை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பிள்ளையைச் சேர்க்கப்போகிற அகாடமியின் கோச் எந்த மாவட்டச் சங்கத்தோடு இருக்கிறார் என்று கேளுங்கள். அந்தச் சங்கம் எந்த மாநிலச் சங்கத்தில் உறுப்பு, அந்த மாநிலச் சங்கம் எந்தத் தேசிய சம்மேளனத்தில் உறுப்பு என்று மேலே மேலே போங்கள். கடைசியில் வருகிற பெயர் அமைச்சக இணையதளத்தில் இருக்கிற அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனங்களின் பட்டியலில் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மாறாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தற்காப்புக் கலைகளில் எல்லாம் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு, மூன்று சங்கங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று 'ஆஃப் இந்தியா' என்று முடியும், இன்னொன்று 'இந்தியன்' என்று ஆரம்பிக்கும். நுழைவுக் கட்டணம், உடைக்கு, ரயிலுக்கு, அப்புறம் கோவாவிலோ நேபாளத்திலோ ஒரு 'சர்வதேசப் போட்டி', திரும்பி வரும்போது கழுத்து நிறைய மெடல், ஊர் எல்லையில் மாலை, பேனர். எதிர்த்து ஆட வந்த 'நாடுகளில்' எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை பன்னிரண்டாவது முடித்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டுக்கு அந்தச் சான்றிதழை நீட்டும்போதுதான் அது செல்லாது என்று தெரியவரும். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. ஐந்து நிமிஷம் பட்டியலைப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

பட்டியலையும் வருஷா வருஷம் பாருங்கள், ஏனென்றால் அங்கீகாரம் நிரந்தரம் இல்லை. மல்யுத்த சம்மேளனத்தை அமைச்சகம் 2023 டிசம்பரில் இடைநீக்கம் செய்து 2025 மார்ச்சில்தான் தடையை எடுத்தது. பெரிய சம்மேளனத்துக்கே அந்தக் கதி.

சான்றிதழை அப்போதே வாங்குங்கள்

மெடல் சுவரில் மாட்டுவதற்கு. வேலைக்கும் கல்லூரிக்கும் கேட்பது காகிதம். மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டுக்கு வகுக்கப்பட்ட படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, கையெழுத்துப் போட வேண்டியவர் தேசிய சம்மேளனத்தின் செயலாளர். மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, மாநிலச் சங்கத்தின் செயலாளர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, பல்கலைக்கழகத்தில் விளையாட்டைப் பார்க்கிறவர். பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் படிவம் 4, கல்வி இயக்ககத்தில் விளையாட்டைப் பார்க்கிற அதிகாரி. தமிழ்நாடு அரசு வேலைகளில் இருக்கிற 3 சதவீத ஒதுக்கீட்டுக்குப் படிவங்கள் தனி. இரண்டுக்கும் எண்கள் ஒன்று போல இருப்பதால் குழப்பம் வரும், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதன் அறிவிக்கையோடு வருகிற படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்த கையோடு இந்தப் படிவத்தைக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்பதுதான் நான் பார்க்கிற ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்வது. நாலு வருஷம் கழித்து ரயில்வேயிலோ தபால் துறையிலோ ஆள் எடுக்கும்போது தேடிப்போனால் பழைய செயலாளர் பதவியில் இருக்கமாட்டார், புதிய செயலாளர் பழைய ஆளின் எதிர் கோஷ்டியாக இருப்பார், ரெக்கார்டு அவரிடம் இருக்கிறது இவரிடம் இருக்கிறது என்று பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். இப்போது டிஜிலாக்கர் வழியாகச் சான்றிதழ் தரச்சொல்லி அமைச்சகம் சம்மேளனங்களுக்குச் சொல்லியிருக்கிறது, அதனால் பிள்ளையின் ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இன்ஷியல் முன்னால், பின்னால் என்று மாறி இருப்பதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி.

பிறந்த தேதி என்றதும் இன்னொன்று. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருஷம் குறைத்துப் போட்டால் ஜூனியர் பிரிவில் நின்று ஆடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. வயது மோசடிக்கு எதிராக அமைச்சகம் தனி விதிமுறையே வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மாட்டினால் தடை, வாங்கிய மெடலும் போகும்.

சாய், கேலோ இந்தியா, டாப்ஸ்: பணமும் பயிற்சியும்

1982 ஆசிய போட்டிக்காகக் கட்டிய ஸ்டேடியங்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பதிலாக 1984-ல் வந்ததுதான் இந்திய விளையாட்டு ஆணையம், சாய். இன்றைக்கு அமைச்சகத்தின் கை, கால் எல்லாம் அதுதான். அமைச்சர் அதன் தலைவர் என்றாலும் அன்றாட நிர்வாகம் தலைமை இயக்குநரிடம். பாட்டியாலாவில் 1961-லிருந்து நடக்கிற தேசிய விளையாட்டு நிறுவனமும் இதன் கீழ்தான், கோச் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் 'என்.ஐ.எஸ். டிப்ளமோ' என்று சொல்வது அங்கே படிப்பதைத்தான். தமிழ்நாட்டில் சேலத்திலும் மயிலாடுதுறையிலும் சாய் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. தங்க இடம், சாப்பாடு, கோச், உபகரணம் எல்லாம் அரசு செலவு. சேர்க்கைக்குத் திறன் தேர்வு வைப்பார்கள், எந்த மையத்தில் எந்த விளையாட்டு என்பது மாறும், அதனால் சாய் இணையதளத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 9 முதல் 18 வயது வரை இருக்கிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க கீர்த்தி என்று ஒரு திட்டத்தை 2024 மார்ச்சில் தொடங்கினார்கள், அதற்கும் ஆன்லைனில் பதிவு செய்து உடல்திறன் தேர்வுக்குப் போக வேண்டும்.

கேலோ இந்தியா என்கிற மத்திய அரசுத் திட்டத்தின் பெயரை இப்போது எல்லோருமே கேள்விப்பட்டிருப்பீர்கள், 2024 ஜனவரியில் இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் நடந்தபோது சிலம்பத்தைக்கூட செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள், பதக்கப் பட்டியலில் தமிழ்நாடு இரண்டாவது இடம். 2025-26 பட்ஜெட்டில் அமைச்சகத்துக்கு ஒதுக்கிய சுமார் 3,794 கோடியில் 1,000 கோடி கேலோ இந்தியாவுக்கு, 830 கோடி சாய்க்கு, 400 கோடி சம்மேளனங்களுக்கு. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று இதிலேயே தெரிகிறது. பிள்ளையைக் கேலோ இந்தியா வீரராகத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி, தங்குமிடம் போக மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வங்கிக் கணக்கில் வரும், அதனால் பிள்ளை பெயரில் கணக்கும் ஆதார் இணைப்பும் தயாராக இருக்கட்டும். தேர்வு ஒருமுறை ஆகிவிட்டால் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப மதிப்பிடுவார்கள், சரியாக வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

டாப்ஸ் அதற்கும் மேலே. ஒலிம்பிக் பதக்கத்தைக் குறிவைத்து மத்திய அரசு 2014-ல் ஆரம்பித்த திட்டம். முக்கியக் குழுவில் இருப்பவருக்கு மாதம் 50,000 ரூபாய், வளரும் வீரர்கள் குழுவில் இருப்பவருக்கு 25,000. அதோடு வெளிநாட்டுப் பயிற்சி, பிசியோ எல்லாம் தனி. இதற்கு மனு போட்டு உள்ளே போக முடியாது, ஒலிம்பிக் பிரிவு என்கிற குழு ஆட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். "டாப்ஸில் சேர்த்துவிடுகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

பதக்கத்துக்கான ரொக்கப் பரிசு வேறு. ஒலிம்பிக் தங்கத்துக்கு மத்திய அரசு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30. சர்வதேசப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் பரிசு இல்லை, பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும். இதற்கு நீங்களாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அர்ஜுனா, கேல் ரத்னா விருதுகளுக்கும் இப்போது வீரரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், யாராவது பரிந்துரைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கேல் ரத்னா வாங்கியவர் நம் விஸ்வநாதன் ஆனந்த், 2024-ம் ஆண்டுக்கானதை வாங்கியவர்களில் குகேஷும் ஒருவர். அது நடக்கும்போது நடக்கட்டும்.

பவுடர் விஷயம்

ஜிம்மில் கொடுத்தார்கள், கோச் கொடுத்தார், மெடிக்கலில் சளிக்கு வாங்கினேன் என்று எதைச் சொன்னாலும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது நாடா, கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உடம்பில் அந்தப் பொருள் இருந்ததா? இருந்தால் முதலில் பொறுப்பு வீரருடையது. 2022-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. பதினாறு வயது என்றாலும் சோதிப்பார்கள். டாக்டரிடம் போகும்போதே "பிள்ளை போட்டிகளில் ஆடுகிறது" என்று சொல்லுங்கள், ஆஸ்துமா மாதிரி நிஜமாகவே மருந்து தேவைப்பட்டால் அந்த மருந்து தடைப் பட்டியலில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் நாடாவிடம் சிகிச்சை விலக்கு கேட்டு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். லேபிள் இல்லாத டப்பாவில் வருகிற எதையும் வாயில் போட வேண்டாம்.

பாலியல் தொல்லை என்றால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்

2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைக்கு நியாயம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்ததை நாடே பார்த்தது. ஒலிம்பிக் மெடல் வாங்கியவர்களுக்கே தெருவில் உட்கார வேண்டிய நிலை. அதனால் உங்கள் பிள்ளைக்கு கேம்பிலோ விடுதியிலோ ஏதாவது நடந்தால் சங்கத்துக்கு எழுதி, அமைச்சகத்துக்கு எழுதி, பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் இருக்கிறது, நேராக அனைத்து மகளிர் காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. சங்கத்திலும் சாய் மையத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது விதி, சேர்க்கும்போதே அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற பெற்றோர் என்று தெரிந்தாலே பாதிப் பேர் ஒழுங்காக நடந்துகொள்வார்கள்.

சரி, இப்போது மனு

இவ்வளவுக்கு அப்புறமும் அமைச்சகத்துக்கு எழுத வேண்டிய விஷயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. சம்மேளனம் தேர்தல் நடத்தவில்லை, தேர்வுப் போட்டியை அறிவிக்காமல் அணியை அறிவித்துவிட்டது, வர வேண்டிய ரொக்கப் பரிசு வரவில்லை, அங்கீகாரம் இல்லாத சங்கம் அரசு முத்திரையைப் போட்டுக்கொள்கிறது, இவையெல்லாம் அமைச்சகத்தின் வேலைதான்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் சீக்கிரம் படிப்பார்கள், வருத்தமான உண்மை. முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், "என் மகளுக்கு நியாயம் வழங்குமாறு" என்று முடித்தால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. "இன்ன தேதியில் நடந்த தேர்வுப் போட்டியின் முடிவுகளையும் தேர்வுக் குழுவின் குறிப்பையும் வெளியிடச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். எந்த விதி மீறப்பட்டது என்று ஒரு வரி, தேதிகள், சான்றிதழ் நகல்கள், போதும். அழுகையும் அரசியலும் வேண்டாம்.

மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் போட்டால் பதிவு எண் கிடைக்கும், தபாலில் போட்டால் ஸ்பீடு போஸ்ட் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்தது ஆர்.டி.ஐ. 10 ரூபாய், ஆன்லைனிலேயே கட்டலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். கருத்து கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்: என் மனு மீது எழுதிய கோப்புக் குறிப்பின் நகல், இந்தச் சம்மேளனத்துக்கு இந்த வருஷம் தந்த நிதி, அதைச் செலவழித்ததற்கு அவர்கள் கொடுத்த பயன்பாட்டுச் சான்றிதழ். அரசு நிதி வாங்கும் சம்மேளனங்களிடமே நேரடியாகவும் ஆர்.டி.ஐ. போடலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் தொகுதி எம்.பி. அவரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பதைவிட நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எழுத்துபூர்வமான பதில் என்றாலும் அமைச்சர் பெயரில் சபையில் வைக்க வேண்டும் என்பதால் அந்தக் கேள்விக்கான தகவல் கீழே இருந்து ஓட்டமாக மேலே போகும், பல மாதம் கிடந்த கோப்பு அந்த வாரத்தில் எடுக்கப்படும். கேள்வியை இரண்டு வரியில் நீங்களே எழுதி, ஆங்கிலத்தில் டைப் அடித்து, எம்.பி. அலுவலகத்தில் அவருடைய உதவியாளர் கையில் கொடுங்கள். கூட்டத்தொடர் ஆரம்பிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுத்தால்தான் வேலைக்கு ஆகும், ஏனென்றால் கேள்விகளை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், நிறையக் கேள்விகள் வந்தால் குலுக்கலில்தான் வரிசை முடிவாகும்.